கொக்கி அறுத்த ஜாக்கெட்

எனக்குப் பழி வாங்கும் குணம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது முழுக்கப் பொய்யாகிவிடும். பள்ளிக்கூடத்தில் என் காம்பஸை உடைத்துவிட்டு, உடைக்கவேயில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள் ஒருத்தி. பல வருடம் கழித்து அவளுடைய கல்யாண ஜாக்கெட் தைக்க என்னிடம்தான் வந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் கொடுக்காமல் அவளை அழவைத்தேன். அழகாகத்தான் தைத்துக் கொடுத்தேன், ஆனால் அழவைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மணலூர்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் எனக்குத் தையல் கடை. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வீட்டின் முன்னறை. பெண்ணை ஆறு ஊருக்குள் வந்த வருடம் அந்த அறையில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. மெஷின் இரண்டும் சேற்றில் முழுகின. தைக்கக் கொடுத்திருந்த ஊரார் துணியெல்லாம் கரும்புக் கொல்லை வேலியில் போய் மாட்டிக்கொண்டது. கட்டிய புடவையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, அங்கே நான்கு நாள் கிடந்தோம்.

புடவை எப்படியாவது காற்றில் காய்ந்துவிடும். உள்பாவாடை காயாது. அவிழ்த்துக் காயப்போட அங்கே மறைவும் இல்லை, மாற்று இன்னொன்றும் இல்லை. நான்கு நாள் ஈரப் பாவாடையோடு இருந்தால் தொடை என்ன ஆகும் என்பது நிவாரணம் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது. நடக்கும்போது காலை அகட்டி அகட்டி வைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு லாரி வந்தது. பக்கவாட்டில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் ஜவுளிக்கடை முதலாளியும் அவர் மனைவியும் கும்பிட்டபடி நின்றார்கள். அந்த அம்மாள் எங்கள் ஊர்க்காரிதான், உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கடையில் ஆயிரம் தையல்காரர்கள் இருந்தாலும் ஜாக்கெட்டை மட்டும் என்னிடம்தான் கொடுப்பாள். அன்றைக்கு அவள் வரவில்லை. கடை ஆட்கள் ஆளுக்கொரு பையைக் கையில் திணித்து, ஃப்ளெக்ஸ் தெரிகிற மாதிரி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். “சிரிங்கம்மா” என்றான் ஒருவன். வயிறு எரிய எரியச் சிரித்தேன்.

பையைத் திறந்தேன். மேலே ஒரு நைந்துபோன புடவை. அதன் அடியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட்.

அது நான் தைத்தது. கழுத்து இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று மூன்று தரம் என்னைப் பிரிக்கவைத்த ஜாக்கெட். பெற்ற பிள்ளையைத் தாய்க்குத் தெரியாமல் போகுமா? புரட்டிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கொக்கி ஒன்றுகூட இல்லை. பிளேடு வைத்து அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் நூல் மட்டும் பிசிறு பிசிறாக நின்றது.

எங்கள் பக்கத்தில் பழைய துணியை முழுசாக யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவன் தெருவில் வந்தால், புடவையின் ஓரத்தில் ஒரு நூலை உருவி வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். துணியோடு வீட்டு லட்சுமியும் போய்விடக் கூடாதாம். ஜாக்கெட்டில் நூல் உருவ முடியாதே, அதனால் கொக்கியை அறுத்துக்கொள்வார்கள். லட்சுமியும் வீட்டில் தங்கும், கொக்கியும் மிச்சமாகும். பாத்திரக்காரனுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. வெள்ளத்தில் நிற்கிறவளுக்குக் கொடுக்கும்போதும் அதே கை அதே பழக்கத்தில் அறுத்திருக்கிறது. மாரை மறைக்க ஒரு துணியைக் கொடுத்துவிட்டு அதை மூட வழியில்லாமல் செய்வதற்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் பல்லைப் பார்க்கிறவள். அந்த ஜாக்கெட்டைத் துவைத்து, மடித்து, பெட்டியின் அடியில் வைத்தேன். ஒருநாள் இதை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டாமல் சாகமாட்டேன் என்று கறுவிக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவள் ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாகக் கேட்டால் தனியாகவே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். எனக்கு நாலு பேர் வேண்டும்.

அதற்கு அப்புறம்தான் இலங்கையில் புயல் அடித்தது.

என் கடையில் கொக்கி வைக்க, ஓரம் அடிக்க ஒரு பெண் வருகிறாள். இலங்கை அகதி முகாமில் பிறந்தவள், எங்கள் தெருக்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவளுடைய தங்கை பல வருடத்துக்கு முன்பே ஊர் திரும்பி, அங்கே மலையில் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் இருக்கிறாள். புயல் மழையில் மலை சரிந்து லயம் மண்ணுக்குள் போய்விட்டது. ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். மலை சரிவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலை போகிற வழியில் மழைக்கு ரோட்டில் விழுந்து கிடக்கும் பாறைகளை நினைத்துக்கொண்டேன்.

யாரோ ஒருவருடைய போனிலிருந்து தங்கை பேசினாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“இன்னா வேணும்னு கேளு” என்றேன்.

“அக்கா, சாப்பாடு தர்றாங்க. உடுப்பும் மூட்டை மூட்டையா வந்திருக்கு, சின்னப் பிள்ளைங்க கவுனும் ஆம்பளைங்க கால்சட்டையுமா. எங்களுக்கு...” என்று சொல்லிவிட்டுத் தங்கை குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் ஆண்கள் இருந்திருப்பார்கள். “உள்பாவாடைதான் இல்ல. மாசத் துணியும் இல்ல. இங்க ஒரு தொண்ணூறு பொம்பளைங்க இருக்கோம். யார்கிட்ட கேக்குறது?”

என் தொடை எரிந்தது. நிஜமாகவே எரிந்தது.

தைத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். தொண்ணூறு பாவாடைக்குத் துணிக்கு எங்கே போவது என்றுதான் யோசனை. அப்போது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அதே முதலாளி, அதே அம்மாள், அதே கும்பிடு. இலங்கை உறவுகளுக்கு உதவிடுவோம், பழைய துணிகளை எங்கள் கடையில் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்து அந்த ஜாக்கெட்டை எடுத்தேன்.

அதைப் பார்த்தவுடன் கொக்கி வைக்கிற பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்ததே அவள் கைதான். “அக்கா, சண்டை போடாதீங்க. நல்லவிதமாக் கேட்டா ரெண்டு கட்டுத் துணியாவது குடுப்பாங்க. நீங்க மானத்த வாங்கினா ஒண்ணுமே குடுக்கமாட்டாங்க. என் தங்கச்சி அங்க நின்னுகிட்டு இருக்கா” என்று பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கெஞ்சினாள். அவள் சொல்வதுதான் நியாயம். எனக்கும் தெரியும். தெரிந்தும் கைப்பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை.

கார்த்திகை முகூர்த்தக் கூட்டம். கடையில் கால் வைக்க இடமில்லை. நான் நினைத்ததைவிட அதிகமாகவே ஆட்கள் இருந்தார்கள். அம்மாள் பட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா வா, இன்னா இவ்ளோ தூரம்? கண்ணாலத்துக்கு எடுக்க வந்தியா?”

“இல்லம்மா. உங்க ஜாக்கெட்டு ஒண்ணு எங்கிட்ட தங்கிப்போச்சி. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

பட்டுப்புடவைகளின் மேல் அதை விரித்தேன். பக்கத்தில் கல்யாணப் பெண்ணும் அவள் வீட்டாரும் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள்.

“என்னுதுதான். எங்க இருந்தது?” என்று கையில் எடுத்தாள்.

“ஆத்துல எங்க வூடு போச்சே, அப்போ உங்க லாரில வந்ததும்மா. கொக்கிய அறுத்துக்கினு அனுப்பிட்டீங்க. இத மாட்டிக்கினு எப்பிடி நிக்கறதுன்னு நானும் அன்னையிலேருந்து பாக்கறேன், தெரியலை. நீங்களே சொல்லுங்களேன்.”

குரலை நான் உயர்த்தவேயில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா ஜாக்கெட்டை வாங்கிப் புரட்டினாள். “ஐயே, கொக்கியக்கூடவா அறுத்துப்பாங்க! இந்தக் கடைலயா இப்பிடி?” என்றாள். யாரோ சிரித்தார்கள். முதலாளியம்மாளின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவள் என்பீர்கள். பாவமாக இல்லை. வெயிலில் வந்தவள் மோர் குடித்த மாதிரி இருந்தது.

முதலாளி கல்லாவிலிருந்து வேகமாக எழுந்து வந்தார். வியாபாரிக்கு எது எரிகிறது என்று சட்டெனத் தெரிந்துவிடும். “இன்னாம்மா வேணும் ஒனக்கு? உள்ள வந்து பேசு” என்றார்.

“உள்ளலாம் வேணாங்க. இலங்கைக்கு அனுப்பறேன்னு போட்டுக்கறீங்க. அங்க பொம்பளைங்களுக்கு உள்பாவாடை இல்லையாம். பத்துக் கட்டு பாப்ளின் குடுங்க. மாசத்துக்கு வச்சிக்க மெத்துனு வெள்ளத் துணி நாலு கட்டு. நாங்க தெச்சிக்கறோம்.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்மா” என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் கல்யாண வீட்டார் எடுத்த புடவைகளை வேண்டாமென்று மடித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தார். “குடுத்து அனுப்புடா” என்று ஆளைக் கூப்பிட்டார்.

வாசலுக்கு வந்ததும் என்னோடு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குடுக்காம போயிருந்தா?” என்றாள். அவள் தங்கையின் பாவாடையைப் பணயம் வைத்துத்தான் என் கணக்கைத் தீர்த்திருந்தேன்.

ஒன்பது நாள் தைத்தோம். எங்கள் ஊர் அளவுக்குத் தைத்துவிடாமல், தங்கையிடம் போனில் கேட்டு, உயரமானவர்கள் எத்தனை பேர், பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டோம். வெள்ளைத் துணியை வெட்டி, நாலாக மடித்து ஓரம் அடித்தோம். தெருப் பெண்கள் நாடா கோர்த்தார்கள். வெள்ளத்தில் என் நடையைப் பார்த்துச் சிரித்தவளும் வந்து கோர்த்தாள். அவளை ஒரு மூலையில் உட்காரவைத்து அதிகமாகக் கோர்க்கவைத்தேன்.

பெட்டி கட்டுகிற அன்று அம்மாள் காரில் வந்து இறங்கினாள். கூடவே கேமராவோடு ஒருவன். துணி அவர்கள் கொடுத்தது, போட்டோ வேண்டுமாம். நான் எதிர்பார்த்ததுதான். சிவப்புப் பாவாடை ஒன்றை எடுத்து உதறி, அவள் கையில் கொடுத்தேன்.

“நாடாவப் பிடிச்சித் தூக்கிக் காட்டுங்கம்மா. அப்பதான் இன்னா குடுத்தீங்கன்னு பேப்பர்ல தெரியும்.”

கேமராக்காரன் கீழே பார்த்தான். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி எந்த முதலாளியம்மாள் பேப்பரில் வருவாள்? அவள் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “போட்டோலாம் வேணாம், நீ கிளம்பு” என்று அவனை அனுப்பினாள். இரண்டாவது தரமும் ஜெயித்தேன்.

ஆனால் அவள் கிளம்பவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. மெதுவாகத்தான் பேசினாள்.

“அந்த ஜாக்கெட்டு ஒனக்கு வரும்னு எனக்கு இன்னா தெரியும்? நீ இருக்கறது தெரிஞ்சிருந்தா நல்லதாப் பாத்து அனுப்பியிருக்கமாட்டனா?”

மனதார மன்னிப்புத்தான் கேட்டாள். அது எனக்குப் புரிந்தது.

“இதுவும் யாருக்குப் போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதேம்மா” என்றேன்.

டிரைவர் கார் டிக்கியைத் திறந்து ஒரு பெரிய பழந்துணி மூட்டையை இறக்கப் போனான். பெட்டியில் சேர்த்து அனுப்பத்தான் கொண்டுவந்திருந்தாள். அவள் சட்டென்று திரும்பி, “அது இருக்கட்டும், வூட்டுக்கே எடுத்துக்கினு போலாம்” என்றாள். டிக்கி மூடியது. கார் போய்விட்டது.

நான் சிரித்துவிட்டேன். “பாத்தியா? இந்தத் தடவையும் அறுத்துக்கினுதான் கொண்டாந்திருக்கா! மூணாந் தடவையா மாட்டிக்கினா” என்று கொக்கி வைக்கிறவளிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெட்டிக்குள் பாவாடைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அவங்க கெட்டவங்க இல்லக்கா. தெரிஞ்சவங்களுக்கு நல்லதாத்தான் குடுப்பாங்க. நாங்க யாருக்குக்கா தெரிஞ்சவங்க?”