வெறுங்கையோடு வேகமாக

நான் வேகமாக நடந்தால் எங்கள் தெருவான காஜா பெராங்கில் வீட்டுக் கதவுகள் திறந்துகொண்டன. அதற்கு நானேதான் காரணம்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். நாற்பதைத் தாண்டிய குமாஸ்தாக்களுக்குத் தனியாக ஓர் ஓட்டம் இருந்தது. நானும் பக்கத்து மேசை நண்பரும் பெயர் கொடுத்தோம். அவர் வீடும் காஜா பெராங்கில்தான், என் வீட்டிலிருந்து ஏழெட்டு வீடு தள்ளி. விடிந்ததும் இருவரும் நகரத்துத் திடலுக்கு நடந்துபோய் மூன்று சுற்று ஓடுவோம். ஓட்டத்தில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் பேசிக்கொண்டே போக ஓர் ஆள் கிடைத்தார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் இரண்டாவது சுற்றில் அவர், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்றார். என் வயதைச் சொல்லிக் கிண்டல் செய்வது அவர் வழக்கம். அன்றும் கிண்டல்தான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் புல்லில் குப்புறக் கிடந்தார். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் உதவியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அந்த "மெதுவா"வை நான் அவர் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

செய்தி சொல்ல நான்தான் போனேன். ஓடலாம் என்று பார்த்தேன், கால் வரவில்லை. வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தோடு, கையில் ஒன்றும் இல்லாமல், நேராகப் பார்த்தபடி வேகமாக நடந்தேன். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் அப்படித்தான் வருவார். கையில் எதுவும் இருக்காது. வழியில் யாரோடும் நிற்க மாட்டார். சொல்லவேண்டிய வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். வீடுகளில் டெலிபோன் இல்லாத ஊரில் இதைச் சின்னப் பிள்ளைகளும் அறிவார்கள். நண்பரின் மனைவி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். தூரத்தில் என்னைத் தனியாகப் பார்த்ததுமே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை.

அதன் பிறகு என்னை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நாடி பார்ப்பேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் நாங்கள் இருவர்தான். ஓடினால் செத்துவிடுவேன், ஓடாமல் உட்கார்ந்தே இருந்தாலும் செத்துவிடுவேன் என்று இரண்டு பக்கமும் பயம். கடைசியில் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் என் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார், வீங்கியிருந்த முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

"நீர் ஓட வேண்டாம், நடவும்" என்றார். "ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் முழுப் பாரமும் முழங்கால்லதான் இடிக்கும். நடக்கேக்க ஒரு கால் எப்பவும் நிலத்தில நிக்கும். ஆனால் கோயில் சுத்துற மாதிரி நடந்து பிரயோசனம் இல்லை. கதைக்க ஏலும், பாட ஏலாது. அந்த வேகம் வேணும்."

முழங்கையை மடக்கி வீசச் சொன்னார், குதிகாலை முதலில் ஊன்றச் சொன்னார். தினமும் முக்கால் மணி நேரம்.

அடுத்த நாளே தொடங்கினேன். ஆனால் பேச முடிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. பேச வேண்டியவர் இல்லை. அதனால் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். பதினாறு எட்டு நூற்றிருபத்தெட்டு வரும்போது மூச்சு இழுத்தால் வேகம் சரி.

பார்க்கிறவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதே வெள்ளைச் சப்பாத்து, வெறும் கை, நேர்ப்பார்வை. போதாததற்கு, சொல்லவேண்டியதை மறந்துவிடாமல் ஒப்பிக்கிறவனைப் போல் அசையும் உதடுகள். பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து தமிழை மறந்துவிட்ட செட்டி வீட்டு அம்மாள் ஒருவர் வாசலுக்கு ஓடிவந்து மலாயில் "சியாப்பா?" என்று கேட்டார். யார் போனது என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. மூலையில் இருந்த மளிகைக்கடை ராவுத்தர் சாவு என்று நினைத்து, அப்போதுதான் கழற்றிய கடைப்பலகையை மறுபடியும் செருகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நடக்குறதுக்காகவே நடக்குறீங்களா தம்பி? பின்னால நாய் வந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும்."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நண்பரின் வீட்டைக் கடந்தபோது சிரிக்க முடியவில்லை. தங்கச்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுடைய அம்மா செமாபோக் கிராமத்தில் படுக்கையாகக் கிடந்தார், அந்தச் செய்தி என்று நினைத்துவிட்டாள். நான் நிற்காமல் போனதும் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டதைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து வழியை மாற்றினேன். சைக்கிளை மிதித்துக் கிளேபாங்குக்குப் போய், அதை ஒரு கடையோரம் நிறுத்திவிட்டு, கடற்கரைச் சாலையில் நடந்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வலை உலர்த்துகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் கடல், நடுவில் நானும் வாய்ப்பாடும். முழங்கால் வீக்கம் வற்றியது. உடம்பு தேறத் தேற நாள் முழுவதும் நான் யாரோடும் பேசாமலே இருப்பது எனக்கே தெரிய ஆரம்பித்தது. அலுவலகத்தில் அந்தப் பக்கத்து மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

ஒரு நாள் வழியில் சைக்கிள் டயர் பஞ்சர் ஆகி, வீடு திரும்ப நேரமாகிவிட்டது. மகள் பள்ளிச் சீருடையில், பையை மாட்டியபடி வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்டாள். வெகு நாளாக யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"அப்பா, நீங்க விழுந்துட்டா எங்கிட்ட யாரு வந்து சொல்லுவாங்க? கிளேபாங்ல நம்மளத் தெரிஞ்சவங்க யாருமே இல்லியே."

நான் விழமாட்டேன் என்றேன்.

"அந்த மாமாவும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் பார்த்துப் பயப்படக் கூடாது என்று அடிமேல் அடி வைத்துப் போனேன். வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். டிரஸ்ஸர் சொன்னதைச் சொன்னேன், மகள் கேட்டதையும் சொன்னேன். அவள் உள்ளே போய், பசாருக்குக் கொண்டுபோகிற பிரம்புக் கூடை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள்.

"வெறுங்கையோட வேகமா வராதீங்கண்ணே. இதக் கையில வச்சிக்குங்க. மீன் வாங்கப் போறாருன்னு நெனச்சிக்குவாங்க."

வாங்கிக்கொண்டேன். கேட்டைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"கிளேபாங்லாம் வேணாம். இந்த ரோட்டுலயே போங்க, இந்த ரோட்டுலயே வாங்க. நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிறேன். திரும்பி வரலன்னா, புள்ளகிட்ட நான் போறேன்."

கூடையோடு நடப்பது அவ்வளவு வசதி இல்லை. ஒரு கையைத்தான் வீச முடிகிறது. பாதி வழியில் கை மாற்றிக்கொள்கிறேன். வெறும் கூடையோடு திரும்பக் கூசி எதையாவது வாங்கிப் போடுகிறேன். தினமும் கங்கோங் கீரையா என்று மகள் முகம் சுளிக்கிறாள். ஆனால் கதவுகள் திறப்பதில்லை. ராவுத்தர் மீன் என்ன விலை என்று மட்டும் கேட்கிறார், நான் நின்று பதில் சொல்வதில்லை. திரும்பும்போது தங்கச்சியின் ஜன்னலில் ஒரு நிழல் தெரியும். நான் கடந்ததும் அது உள்ளே போய்விடும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாளில் என்னை ஒருவர் பார்த்தார் என்று நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மகளிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். அத்தை வந்து சொல்லுவார் என்றதும் தலையாட்டினாள். நிம்மதி அடைந்துவிட்டாள் என்று எண்ணினேன். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அத்தை வந்து சொன்னப்பறம், நான் எங்க போகணும்?"

ஜொகூரில் ஒரு தோட்டத்தில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். அவள் கருமாதி முடிந்து போனவர், அதற்குப் பிறகு கடிதமும் இல்லை. எனக்கு ஏதாவது ஆனால் மகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு அவருக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதினால் கேட்பதற்குக் காரணம் இல்லை. நன்றாக இல்லை என்று எழுதினால் அது பொய். கடிதம் முடியும்வரையாவது நான் விழாமல் இருக்க வேண்டும். அதனால் முக்கால் மணி நேர நடையை ஒரு மணி நேரமாக்கியிருக்கிறேன்.