பவ்யத்தின் இடது பை

சட்டைக்கு இரண்டு பை வைக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்த தையற்காரர் கண்டிப்பாகக் கல்யாணமானவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நம் பவ்யம் அவருக்குச் சிலை வைக்கக் கடமைப்பட்டவர்.

பவ்யம் என்பது பட்டப்பெயர். ஓட்டலில் தண்ணீர் ஊற்றும்போதுகூடத் தம்ளருக்கு வணக்கம் சொல்வதுபோல் குனிவார். கூட வேலை செய்யும் சர்வர்கள் அதைப் பார்த்து வைத்த பெயர். முன்பெல்லாம் மேசையில் கிடைக்கும் டிப்ஸை அப்படியே மனைவியிடம் கொடுப்பார். ஒரு வருஷமாக அது இடது பைக்குப் போனது. வீட்டில், "யாரு இப்ப டிப்ஸ் வைக்கிறா? எல்லாம் கஞ்சப் பிசினாரிங்க" என்று உலகத்தைப் பழித்தார். உலகமும் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டது.

காசு சீட்டாட்டத்துக்குப் போகவில்லை, மச்சானுக்குப் போனது. மனைவியின் தம்பி, பெயிண்டர், ஏணியிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்துப் படுத்திருந்தான். மாத்திரை, வாடகை எல்லாம் இந்த இடது பைதான். அக்காவிடம் கேட்க வழியில்லை. சொந்தபந்தம் கூடியிருந்த ஒரு கல்யாணத்தில், அக்காவின் உடம்பைப் பார்த்து, "என்னக்கா, வாசக்கதவை அகலப்படுத்தணும் போலிருக்கே" என்று சொல்லித் தொலைத்திருந்தான். அன்றிலிருந்து அக்காவுக்குத் தம்பியே பிறக்கவில்லை.

இந்த நிலையில் நாகரிகம் கார்டு மெஷின் வடிவில் ஓட்டலுக்குள் நுழைந்தது. முதலாளி நாணயஸ்தர். கார்டில் வரும் டிப்ஸை அன்றன்றே அவரவர் வங்கிக் கணக்கில் போடுவதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பவ்யம் மட்டும் வெளிறினார். கணக்கு தொடங்கியபோது தன் போன் ரிப்பேரில் கிடந்ததால் மனைவியின் நம்பரைக் கொடுத்திருந்தார். காசு விழுந்தால் அவள் போன் 'டிங்' என்னும்.

மறுநாள் ஒவ்வொரு மேசையிலும் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகக் குனிந்து, "சார், பில்லு கார்டுல போடுங்க. டிப்ஸ் மட்டும் கையில..." என்று கிசுகிசுத்தார். ஜன்னலோரம் வாடிக்கையாகச் சாப்பிடும் வக்கீல் பொங்கிவிட்டார்.

"ஏன்யா, முதலாளி அமுக்கிடறாரா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க சார்."

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்!"

நேரே கல்லாவுக்குப் போய், வழக்கமாக வைப்பதைப்போல் மூன்று மடங்கைக் கார்டில் தேய்த்தார். "இது அவர் கணக்குக்குப் போறதைப் பாத்துட்டுத்தான் நகருவேன்!" என்றார். முதலாளி ரோஷக்காரர்; அந்த இடத்திலேயே போனை எடுத்து அனுப்பினார். நீதி வென்றது. பவ்யத்துக்கு வியர்த்தது.

மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போனார். மனைவி அவருடைய மாற்றுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிசினாரி ஒருத்தன் மனசு மாறிட்டான் போல? ஒரு வருஷமா வந்ததெல்லாம் எங்க போச்சு?"

பவ்யம் தரையைப் பார்த்தார்.

"எவ அவ?"

பவ்யம் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. "உன் தம்பி" என்றார். ஏணி, பிளேட், மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றது. புகை வந்த பிறகுதான் எடுத்தாள்.

"அந்த வாயாடி எப்படிப் போனா எனக்கென்ன?" என்றாள். பிறகு, "கால் மடக்க வருதா?"

"இன்னும் இல்ல."

"நான் ஒண்ணும் கேக்கல. அவன் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது. நீங்க குடுக்கறது எனக்குத் தெரிஞ்சா நிறுத்தியாகணும். எனக்கும் மானம் இருக்கு. அந்த போன் நம்பரை முதல்ல மாத்தித் தொலைங்க."

மறுநாள் காலை பவ்யம் அந்தச் சீருடையை மாட்டினார். நெஞ்சருகே தீய்ந்த தழும்பு. இடது பையில் மடித்த நோட்டுகள், வக்கீல் தேய்த்ததைவிடச் சற்று அதிகமாகவே.

"இது என்னது?"

"எனக்கென்ன தெரியும்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "எவனாவது டிப்ஸ் வச்சிருப்பான்."

பவ்யம் அடுப்படி வாசலைப் பார்த்து, பழக்க தோஷத்தில், நன்றாகவே குனிந்தார்.