பாதிப் பாட்டு

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில், ஒரு கடையில் பால் எடுக்கையில் அந்த ஆங்கில இசைக்குழுவின் பாட்டு ஒலித்தது. கிற்றார் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோன பெண் குரல்.

எனக்கு ஒன்பது வயதில் அக்கா அதை வானொலியிலிருந்து கசெற்றில் பதிந்துவைத்திருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்த சித்தப்பாவுக்கு நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. கசெற்றில் பேசி அனுப்புவோம். அப்பா அவசரத்தில் அக்காவின் கசெற்றிலேயே, பாட்டின் மேலேயே பேசிப் பதிந்து அனுப்பிவிட்டார். அவர் பேச்சு முடிந்த இடத்தில் பாட்டின் பின்பாதி மிஞ்சியிருந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சித்தப்பாவின் பதில் வந்தது. "பிள்ளை, அந்தப் பாட்டின்ர தொடக்கத்தையும் அனுப்பிவிடு."

அக்கா முழுதாகப் பதிந்து அனுப்பினாள். உறை பிரிக்காமலே திரும்பி வந்தது. அதற்குள் சித்தப்பா ஷெல்லடியில் செத்திருந்தார். அந்த வருடமே இசைக்குழுவும் கலைந்தது.

கடையிலிருந்தே அக்காவை அழைத்து அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னேன்.

"ஓம், தெரியும். திரும்பச் சேர்ந்திட்டினம். சூரிச்சுக்கும் வருகினம்."

"டிக்கெட் எடுக்கட்டோ?"

"வேண்டாம். அந்தப் பாட்டைத் தொடக்கத்திலயிருந்து கேட்க எனக்கு ஏலாது."