ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர்

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். திக்கென்றது. காலையில் கழுத்துவரை நிரம்பியிருந்த தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது!

இறங்காதா என்கிறீர்களா? எங்கள் திருவேற்காடு அபார்ட்மென்ட்டில் எட்டு வீடுகள். அன்று பகல் முழுக்க எட்டுமே பூட்டிக் கிடந்தன. வழக்கமாகப் பகலில் இருப்பவர் தரைத்தள ஸ்டெல்லா அக்கா மட்டும். கைக்குழந்தைக்காரர். அவரும் குழந்தைக்கு ஊசி போட ஆவடி போய்விட்டு அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அப்படியானால் அத்தனை தண்ணீரையும் குடித்தது யார்?

நான் பதறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. போன ஞாயிறு மீட்டிங்கில், 'பகல்ல தண்ணி தீர்றது ஸ்டெல்லா வீட்டாலதான், குழந்தைத் துணி துவைச்சே காலி பண்றாங்க' என்று பேச்சு. வருகிற சனிக்கிழமை பிளம்பரை வரவழைத்து அவர் வீட்டு லைனில் மட்டும் ஒரு வால்வு வைத்து, பகலெல்லாம் மூடிவிடுவது என்று முடிவானது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில்! ஆதரித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. முதல் கையே என்னுடையதுதான். தண்ணீர் சேமிப்பு என்றால் எனக்கு அவ்வளவு ஆர்வம்...

டேங்க் மூடியைப் பிடித்தபடியே நின்றபோதுதான் பொறி தட்டியது. யாரும் குழாயைத் திறக்காமலே தண்ணீர் போகிறதென்றால், ஏதோ ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறது. அதில் கலரைக் கலந்துவிட்டால்? பட்டனைத் தொடாமலே கலர் கீழே பீங்கானுக்கு வந்தால் ஆள் மாட்டியாச்சு!

கிச்சனுக்கு ஓடி கேசரிப் பவுடர் டப்பாவை எடுத்தேன்.

"கேசரி கிண்டப் போறியாடி?" — அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்த அம்மா முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"இல்லம்மா. டாய்லெட்டுக்கு."

முதலில் யார் வீட்டுக்குப் போனேன் தெரியுமா? ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கே. பூட்டிய வீட்டிலும் ஃப்ளஷ் ஒழுகலாமே! சந்தேகம் ஒருவரைப் பிடித்துவிட்டால் லேசில் விடுகிறதா?

ஃப்ளஷ் டேங்க்கில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, அரை மணி நேரம் இருவரும் அவர் பாத்ரூம் வாசலில் நின்றோம். பீங்கான் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா, ஆச்சா?" என்றார் அக்கா, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே. "உன் ஊட்ல பாத்தியா கண்ணு?"

"எங்க வீட்லயா? அக்கா, நாங்க அரிசி கழுவுன தண்ணியைக்கூட செடிக்கு ஊத்துறோம்!"

"அதான் கேக்கறேன். பாத்தியா?"

மாடியேறினேன். எங்கள் ஃப்ளஷ் டேங்க்கில் ஒரு சிட்டிகை போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை... வெள்ளைப் பீங்கானில் நூல் பிடித்தாற்போல் ஆரஞ்சு இறங்கியது.

எங்கள் வீடு!

நம்ப முடியாமல், டேங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டு நேரம் பார்த்தேன். பத்து லிட்டர் டேங்க், இருபது நிமிடத்தில் காலி. ஒரு நாளைக்கு எழுநூற்றிருபது லிட்டர். அதாவது, முப்பத்தாறு வாட்டர் கேன்! அரிசி கழுவிய தண்ணீரைச் சொம்பு சொம்பாகப் பிடித்து வைத்த வீட்டில்.

அந்த ஆரஞ்சு பாத்ரூமை போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன். 'இது எங்கள் வீடு. ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஒழுகவே இல்லை.' உடனே செகரட்டரி சார் போன்.

"ஏம்மா, அப்போ சனிக்கிழமை அந்த வால்வு?"

"வேணாம் சார். பிளம்பர் எங்க வீட்டுக்கு வரட்டும். ஒரு வாஷர் மாத்தணும்."

அடுத்து, கீழே போய் ஸ்டெல்லா அக்காவிடம் ஸாரி கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வாஷர் மாத்திடுவ. சரி. கை தூக்கறதுக்கு மின்னாடி உன் ஊட்டு கக்கூஸ ஒரு வாட்டி எட்டிப் பாத்திருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டில் நீங்கள் எட்டிப் பார்த்தாச்சா?

மிச்சம் ஆறு வீடுகள். அன்று கை தூக்கிய ஆறு வீடுகள். செகரட்டரி சார் வீட்டிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். இன்று காலை தெருமுனைக் கடையில் ஆறு பாக்கெட் கேசரிப் பவுடர் கேட்டேன்.

"இன்னாம்மா, ஊட்ல விசேஷமா?" என்றார் கடைக்கார அண்ணன்.

"ஆறு வீட்லயும்ணா!"