துடைத்த வாசல்

நான் ஐந்தாவது தாண்டாதவன். ஆனாலும் மயிலாப்பூரில் மாடி கட்டி, வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைப்பவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். பொங்கலன்று, மாடியில் தங்கியிருந்த, பெரிய படிப்புப் படித்த ஜெர்மனிப் பெண் ஒருத்தி, ஏதோ மாவு கொட்டிக் கிடக்கிறதென்று உதவி செய்வதாக நினைத்து, என் மனைவி போட்ட கோலத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டாள். பண்டிகை நாளில் கோலமில்லாத வாசல் என்றால் சாவு வீடு. எதிர்வீட்டுக்காரர் மாலையோடு வந்துவிட்டார். கதவைத் திறந்தவன் நான்.

"இன்னா நைனா, உயிரோடவா கீற?" என்றார், ஏமாந்த குரலில்.

"வாங்கினு வந்துட்ட இல்ல, கழுத்துல போடு," என்றேன்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் அழுதாள். என் மனைவி அவள் கையில் கோலமாவைக் கொடுத்தாள். கோணல்மாணலாக ஒரு பூ வந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லித் தெருவையே அதட்டினேன். நான் உயிரோடு இருப்பதற்கு அதுதானே அத்தாட்சி!