நூலில் எழுந்த பாலன் கூடு

தாம்பரம் சந்தைப் பக்கத்து நூல் கடையில், "அண்ணை, நத்தாருக்கு வெள்ளை நூல் வேணும்" என்று கேட்டேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "சத்தார் பாய்க்கா? அவரு ரோஸ் கலர்தான வாங்குவாரு" என்றார். இலங்கையின் மன்னாரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கிறிஸ்மஸ் என்றால் நத்தார்தான். கலியாணம் முடித்துப் பெருங்களத்தூருக்கு வந்தபிறகு இப்படி எத்தனையோ நடந்துவிட்டது. தமிழ்நாட்டில் மொழிப் பிரச்சினை இல்லையே என்று கனடா போன நம்மவர்கள் கேட்பார்கள். அங்கே ஒரு சொல் விளங்காவிட்டால், விளங்கவில்லை என்றாவது தெரியும். இங்கே விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

எங்கள் பங்குக் கோயிலில் தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று குழுக்கள் வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் கோயில் வளாகத்தில் அவற்றுக்குள் கிறிஸ்மஸ் குடில் போட்டி நடக்கும். எங்கள் குழு ஜெயித்ததே இல்லை. தலைவி ஸ்டெல்லா டீச்சர் அந்த வருடக் கூட்டத்தில் சலிப்போடு சொன்னார்: "இந்த வாட்டி வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடறேன். ஒவ்வொரு வருஷமும் மழையில அட்டை மலை ஊறிப் போய், எல்லாரும் சிரிக்கறாங்க."

கூட்டங்களில் நான் வாய் திறப்பது குறைவு. பேசினால், "இன்னொரு வாட்டி சொல்லுங்க, கேக்க அழகா இருக்கு" என்பார்கள். என் குரலை ரசிப்பார்கள். சொன்னதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அன்று பொறுக்க முடியவில்லை. "நான் கூடு பின்னித் தாறன், டீச்சர்" என்றேன்.

மறுநாள் காலை அவர் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து பச்சை, வெள்ளை பிளாஸ்டிக் வயர் சுருள்களை மேசையில் வைத்தார். "கூடை பின்றேன்னீங்களே. இது போதுமா?"

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் குடிலைப் பாலன் கூடு என்போம் என்று சொல்லி, குரோஷே ஊசியால் பின்னி வைத்திருந்த ஓர் ஆட்டுக்குட்டியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழுக் குடிலும் நூல்லயா? மழை வந்தா?"

"நூல் கரையாது, டீச்சர்."

எனக்கு அது தெரியும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஒரு நத்தாருக்கு, அம்மா மாவு மூட்டை தைத்திருந்த நூலைப் பிரித்தெடுத்தார். சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து ஊசியாக்கி ஒரு நட்சத்திரம் பின்னினார். கூடாரம் ஒழுகியது. நட்சத்திரம் நனைந்தது, காய்ந்தது, பிறகும் அதே கயிற்றில் தொங்கியது. சுற்றியிருந்த கூடாரத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்பியத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மணிகள் பின்னினார், ஒருவர் ஆடுகள். மாதாவும் சூசையப்பரும் என் பொறுப்பு. சோற்றுக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாக நிறுத்தினேன். அப்போதுதான் புயல் மழை தொடங்கியது. ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர், வீட்டுக்குள் ஈரக்காற்று. கஞ்சி இளகிவிட்டது. கேளம்பாக்கத்து ஆபீசிலிருந்து நனைந்து வந்த என் கணவர் அருள், இடுப்பில் மடங்கிக் கிடந்த சூசையப்பரைப் பார்த்துவிட்டு, "பாவம், அவருக்கும் ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு" என்றார். எனக்கு அழுகை வந்தது. நூல் கரையாது என்றேனே தவிர, நிற்கும் என்று சொல்ல முடியவில்லை.

மூலையில் அந்த வயர் சுருள்கள் கிடந்தன. ஒரு துண்டை வெட்டிச் சூசையப்பரின் முதுகுக்குள் செருகினேன். நிமிர்ந்து நின்றார். உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். குடை பிடித்து வந்தவர், ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "சுவரை நான் வயர்ல பின்னிடறேன். கூடை எனக்கு நல்லா வரும். நீங்க மேல நூல் போடுங்க." அவர் கூடை பின்னினார், அதன்மேல் நான் கூடு பின்னினேன்.

போட்டியன்று மாலை, நடுவர்கள் வரும் நேரத்தில் மழை கொட்டியது. மற்ற குழுக்கள் தார்ப்பாயோடு ஓடின. எங்கள் கூடு நனைந்தபடியே நின்றது. மழை விட்டதும் பெண்கள் ஆட்டுக்குட்டிகளைப் பிழிந்து திரும்ப வைத்தார்கள். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. இந்த நூல் வேலையை யார் சொல்லித் தந்தது என்று கேட்காதவர் இல்லை.

ஃபாதர் மைக்கில், "முதல் பரிசு, ஸ்டெல்லா டீச்சர் அன்பியத்தின் குடில்" என்றார். டீச்சர் மேடையேறி மைக்கை வாங்கி என்னைக் கைகாட்டினார். "குடில் இல்ல, ஃபாதர். பாலன் கூடு. எங்க ஜெயா அப்படித்தான் சொல்வாங்க."

கைதட்டல் ஓயும்முன் நான் மன்னாருக்கு அழைத்தேன். மூச்சு வாங்க, "அம்மா, எங்க குடில் ஜெயிச்சிருச்சும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் வந்தது. "ஆர் கதைக்கிறது?"

மைக்கில் டீச்சர் இன்னும் கூடு, கூடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதோடு அழுத்தி, ஈர நூல் ஒட்டிய விரல்களோடு, இரண்டு குரலுக்கும் நடுவே சிரித்தபடி நின்றேன்.