செக்கிங் நாளில் என் கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தோம். ஏ.சி. மண்டபம், பூவால் செய்த வளைவு, வாசலில் பன்னீருக்குப் பதிலாக ஏதோ செண்ட் அடிக்கும் இயந்திரம். சாப்பாட்டுக்கு இலை போடவில்லை. தட்டைக் கையில் கொடுத்து வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பட்டுப்புடவைகளும் பட்டு வேட்டிகளும் வெறும் தட்டோடு வளைந்து வளைந்து நின்றன. முன்னால் நின்ற ஒருவர் பனீர் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார், நகர்வேனா என்கிறார். அப்போது என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்து, "நம்ம கல்யாணத்துல வரிசை வச்சோம்ல, அப்ப இவுகெல்லாம் எங்க போனாக?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். எப்படியோ வரிசை நகர்ந்தது.

எங்கள் கல்யாண வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அகதி முகாமிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள் நாங்கள். அம்மா, நான், தம்பி. அப்பா அதற்கு முன்பே இல்லை. கடற்கரையில் இருந்த மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு லாரியில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு பழைய குடோன் வாசலில் இறக்கிவிட்டார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலிக்கருவையும் சோளத் தட்டையும்தான் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஓர் அக்காவிடம், "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "குடிக்கவே இங்க தண்ணியக் காணோம், இவளுக்குக் கடலு வேணுமாம்" என்று அவர் சிரித்தார். அந்த அக்காதான் மறுநாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

குடோனுக்குள் சேலைகளைக் கட்டி ஆளுக்கொரு அறை பிரித்துக்கொண்டோம். அடுத்த அறையில் யார் தும்மினாலும் இந்த அறையில் நூறு ஆயுசு சொல்வார்கள். பிறகு தார் அட்டைக் கூரை போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் தந்தார்கள். வெயில் காலத்தில் அந்தத் தார் இளகி மூக்கில் ஏறும். அதோடு ரேசன் அரிசி கொதிக்கும் வாசனையும் சேர்ந்துகொள்ளும். ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அது. எத்தனை முறை களைந்தாலும் போகாது. அம்மா அந்தச் சோற்றுக்குத் தேங்காயும் காய்ந்த செத்தல் மிளகாயும் இடித்து ஒரு சம்பல் வைப்பாள் பாருங்கள், அரிசி எந்த அரிசி என்பதே மறந்துபோகும். இன்றைக்கும் எங்காவது தார் போட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பசிக்கும். ரோடு போடுகிற இடத்தில் நின்று எச்சில் விழுங்கும் பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த அரிசியும், மாதாமாதம் சர்க்கார் தரும் பணமும்தான் எங்கள் வீட்டை ஓட்டின. தாளில் பணக்கொடை என்று எழுதியிருக்கும், எங்கள் வாயில் வெறும் 'காசு'. காசு வேண்டுமென்றால் செக்கிங்கில் நிற்க வேண்டும். மாதம் ஒரு நாள் தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வருவார். முகாமில் பேருள்ள அத்தனை பேரும் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்க வேண்டும், அவர் பேர் வாசித்து முகம் பார்த்து டிக் அடிப்பார். ஆள் இல்லையென்றால் பேர் வெட்டு. பேர் வெட்டினால் காசும் கிடையாது, அரிசியும் கிடையாது. திரும்பச் சேர்க்கக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய வேண்டும். அதனால் கரூருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர்கள் முதல் பஸ் பிடித்து ஓடிவருவார்கள். பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் பச்சைக் குழந்தையோடு ஆட்டோவில் வந்து நிற்பாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாள் எங்களுக்குத் திருவிழா. எல்லாரும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும் நாள் அது ஒன்றுதானே. முகத்துக்குப் பவுடர், தலைக்கு எண்ணெய், இருப்பதில் நல்ல சட்டை. தவணைக்குச் சேலை விற்பவரும் ஐஸ் வண்டிக்காரரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். வரிசையில் நின்றபடியே சண்டைகள் தீரும், புதிதாக இரண்டு தொடங்கும், நடுவில் யாராவது யாருக்காவது பெண் கேட்பார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. செக்கிங் என்றால் அம்மா விடியுமுன்பே எங்களைக் குளிப்பாட்டி வாசலில் நிறுத்திவிடுவாள், எனக்குக் கால் தரையில் நிற்காது.

அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓர் ஆட்டுக்குட்டி வாங்கினாள். அது பெருகி ஒரு சின்ன மந்தையானது. "ஆட்டுக்குச் செக்கிங் இல்லை, அதால அது நிம்மதியாக் கொழுக்குது" என்பாள். அந்த ஆடுகளை வாங்க அய்யலூர்ச் சந்தை வியாபாரிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பெரிய மீசை வைத்த சித்தப்பா, இன்னொருவர் அவருடைய அண்ணன் மகன். சந்தைக்காரர்கள் வாயால் விலை பேச மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். சித்தப்பாவுக்கு அது ஊறிப்போன பழக்கம், டீக்கடையில் வடைக்குக்கூடத் துண்டை எடுத்துவிடுவார். அண்ணன் மகன் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ஆனால் கண் வேறு பக்கம் இருக்கும். "ஆடு பாக்க வந்த தம்பி ஆட்டைப் பாக்கேல்லையே" என்று அம்மா ஒருநாள் சொல்லிவிட்டாள். நான் அடுப்புக்குள் முகத்தைப் புதைக்காத குறைதான்.

அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். தாய் தகப்பன் இல்லாத அவரைச் சித்தப்பாதான் வளர்த்தது. "அகதிப் பொண்ணாப்பா எடுக்கப் போறீக?" என்று அவர்கள் ஊரில் முணுமுணுத்தார்களாம். "அவுகளும் ஆடு வளக்குறவுக, நாமளும் ஆட்டு யாவாரி. இதவிட என்ன பொருத்தம் வேணும்?" என்றாராம் சித்தப்பா. கல்யாணம் அய்யலூர்ப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில் என்று முடிவானது. வியாழக்கிழமை சந்தை, அது மட்டும் வேண்டாம் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கையில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகாம் தலைவர் வந்து வாசலில் நின்றார், முகம் செத்துப்போயிருந்தது. "நாளைக்குச் செக்கிங்காம்" என்றார். திடீரென்று தேதியை முன்னால் இழுத்துவிட்டார்களாம். அய்யலூருக்குப் போய்த் தாலி கட்டித் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். போகிறவர்கள் அத்தனை பேருக்கும் வெட்டுதான்.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என் தலையைத் தடவி, "நீ அடுத்த வீட்டுச் சித்தியோட போ பிள்ளை. அவா தனி ஆள், வெட்டுப்பட்டாலும் சமாளிப்பா. நானும் தம்பியும் நிக்கிறம். ரெண்டு பேரும் வெட்டுப்பட்டா அவன்ர படிப்பு என்னாகும்?" என்றாள். என்னவோ கடைக்குப் போய்வா என்கிற மாதிரி சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடலில் எங்கள் இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டு வந்தவள், என் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கூடாதா? மருதாணிக் கையோடு எழுந்து ரோட்டு முக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். வெட்கமாவது மண்ணாவது. எண்ணை அழுத்தியது பூத்துக்காரர், ரிசீவரைக் காதில் வைத்துப் பிடித்ததும் அவர்தான்.

அவர்கள் ஊர் டீக்கடைக்குக் கூப்பிட்டுச் சித்தப்பாவை வரச் சொன்னேன். "ஏத்தா, விடிஞ்சாக் கல்யாணம், இப்ப எதுக்குப் போனு?" என்றார். அழுகைக்கு நடுவில் பாதி மன்னார்த் தமிழும் பாதி திண்டுக்கல் தமிழுமாக ஏதோ உளறினேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அம்புட்டுத்தான? ஒங்கம்மா வர முடியலைன்னா நாங்க வாரோம். பொண்ணு வீட்ல தாலி கட்டுறது ஊரு ஒலகத்துல இல்லாததா? சாமிட்ட நான் பேசிக்கிறேன். மூக்கத் தொடச்சிட்டு வீட்டுக்குப் போ தாயி."

பூத்துக்காரர் காசு வாங்கவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஆடு ஏற்றும் மினி லாரியில் வந்து இறங்கினார்கள். லாரியைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்கள், ஆனாலும் மல்லிகைப்பூவையும் மீறிப் புழுக்கை வாசனை அடித்தது. முகாம் பிள்ளையாருக்குத் தகரக் கொட்டகை. அதற்கு முன்னால் கோலம், பக்கத்தில் அடுப்பு. வீட்டுக்கு ஒரு படி ரேசன் அரிசி தந்திருந்தார்கள். சித்தப்பா இரண்டு கிடாய் கொண்டுவந்திருந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. என்றைக்கும் பதினொரு மணிக்கு ஆடி அசைந்து வரும் ஆர்.ஐ. அன்றைக்குப் பார்த்து எட்டு மணிக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். இன்னொரு முகாமுக்கும் போக வேண்டுமாம், உடனே வரிசையில் நிற்கச் சொன்னார். முகூர்த்தம் எட்டே காலுக்கு மேல்.

சித்தப்பா நேராக அவரிடம் போனார். கும்பிட்டார். அவர் கைமேல் துண்டைப் போட்டார். உள்ளே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார். ஆர்.ஐ. தேள் கொட்டியவர் போலக் கையை உதறி, "என்னய்யா இது, நான் காசெல்லாம் வாங்குற ஆளில்ல" என்று கத்தினார். முகாமே உறைந்து நின்றது. சித்தப்பா ஒன்றும் புரியாமல், "காசு இல்லைங்கய்யா. ஒரு மணி நேரம் கேட்டேன். ஒரு வெரலு" என்றார்.

ஆர்.ஐ. அவரைப் பார்த்தார். கொட்டகையில் மணவறையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றிருந்த அம்மாவின் புதுச்சேலையைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே கையைத் துண்டுக்குள் விட்டார். கொஞ்ச நேரம் உள்ளே என்னவோ நடந்தது. சித்தப்பா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி, "அரை மணி நேரத்துக்குப் படிஞ்சிருச்சு" என்று அறிவித்தார்.

அம்மா வரிசையை விட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். தாலி கட்டும்போது அவள் கைதான் என் பின்னலைத் தூக்கிப் பிடித்தது. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகும் அந்தக் கை பின்னலை விடவில்லை. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் வேறொரு கூத்து. முகாம் ஆட்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், இலங்கைக்காரர்கள் கல்யாணத்தில் இப்படி நிற்பதுதான் வழக்கம்போல என்று நினைத்து, மரியாதைக்காக அவர்களும் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். என்றைக்கும் ஆள் குறைவதைப் பார்த்தே பழகிய ஆர்.ஐ.க்கு அன்றைக்கு ஆள் கூடிவிட்டது. இரண்டு முறை எண்ணிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா முன்னால் வந்து, "மந்தை கலந்தாப் பிரிக்கிறது எங்களுக்குப் புதுசா?" என்று தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியே இழுத்தார்.

"எங்களை ஆடு எண்டோ சொல்லுறியள்?" என்று வரிசையில் நின்ற சித்தி இடுப்பில் கை வைத்தாள்.

"ஆடுன்னா கேவலமா ஆத்தா? எனக்குச் சோறு போடுறதே அதுதான" என்றார் சித்தப்பா.

எங்கள் பேர் வந்தபோது நாங்கள் இன்னும் மணவறையில் இருந்தோம். ஆர்.ஐ. நோட்டோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு டிக். தம்பிக்கு டிக். என்னைப் பார்த்து, "பொண்ணும் இருக்கு" என்று ஒரு டிக். பிறகு, "அடுத்த மாசம் இவுங்க பேர எடுத்துரணும்மா, அங்க போயிருவாங்கல்ல" என்றார், பாவம், நல்லவிதமாகத்தான். தாலி ஏறும்போது அழாத அம்மா அப்போதுதான் உடைந்து அழுதாள்.

அழுகையெல்லாம் கறிக்குழம்பு வரும்வரைதான். ரேசன் அரிசிச் சோறு, கிடாக்கறி, அம்மாவின் சம்பல், தேங்காய்ப்பாலில் வைத்த சொதி. "என்னத்தா இது, வெஞ்சனத்துக்கு வெள்ளைக் கொழம்பு?" என்று சந்தேகமாகத் தொட்டுப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், பிறகு சட்டியையே கேட்டார்கள். ரசம் மட்டும் போதும் என்று உட்கார்ந்த ஆர்.ஐ. எழுந்திருக்க நேரமானது. அடுத்த முகாம்காரர்கள் அன்றைக்கு மத்தியானம் வரை வெயிலில் நின்றிருப்பார்கள், மன்னிக்கட்டும்.

அடுத்த மாதம் சொன்னபடியே என் பேரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் செக்கிங் என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அய்யலூரில் பஸ் ஏறிப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொள்வேன். "ஒங்க பேருதான் இல்லையேம்மா" என்பார் ஆர்.ஐ. "தெரியும் சார், சும்மா நிக்கிறேன்" என்பேன். அப்புறம் இடுப்பில் மகளோடு நின்றேன், அப்புறம் மகனோடும். ஆர்.ஐ.கள் மாறினார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. பேர் வாசித்து முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அம்மா என் கையை விடமாட்டாள், ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவாள்.

இப்போது அங்கே தார் அட்டை வீடு ஒன்றுகூட இல்லை. கான்கிரீட் வீடு கட்டித் தந்திருக்கிறார்கள், டைல்ஸ் போட்ட தரை, உள்ளேயே குழாய். சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்களும் திண்டுக்கல்லுக்கு வந்து கறிக்கடை வைத்து, அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கார் காசு இப்போது பாங்கில் விழுகிறது, தம்பி கார்டைப் போட்டு எடுத்துத் தருகிறான். வரிசை கிடையாது.

பல மாதம் கழித்துப் போன வாரம்தான் அம்மாவைப் பார்க்கப் போனேன். சம்பல் இடித்து வைத்திருந்தாள். "இப்ப நிம்மதிதானம்மா. வெயில்ல நிக்க வேணாம், பேரு வெட்டுவாங்கன்னு பயம் இல்ல" என்றேன்.

"ஓம், நல்லதுதான்" என்றாள் அம்மா. சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்திவிட்டு, "காசு இப்ப தன்ர பாட்டுக்கு வருது பிள்ளை. நீதான் வாறேல்லை" என்றாள்.